இரப்பையில் ஒரு பட்டை: பத்தாவது ஆண்டில் எடை எவ்வளவு?

மாணவர்களே, நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மருத்துவமனைக் கடிதம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள், முகநூலில் வந்த விளம்பரம் எதுவானாலும் அதைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம்தான் வந்து சேரும். "வயிற்றில் ஒரு பட்டை போட்டால் எடை குறைந்துவிடுமாமே, போடலாமா?" என்று அம்மாவோ மாமாவோ ஒருநாள் உங்களிடம் கேட்கலாம். அப்போது என்ன சொல்வீர்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுமையான உடல் பருமனால் அவதிப்படுவோருக்கு அறுவை சிகிச்சை நியாயமான ஒரு வழி. அதை வெட்கத்துக்குரியதாக நினைக்கக்கூடாது. ஆனால் அந்த அறுவைகளுள் இரப்பைப் பட்டை, ஜொகூரில் வாழும் பெரும்பாலோருக்குப் பொருத்தமான தேர்வு அன்று. காரணம், பட்டை போடுவது ஒருநாள் வேலை. அதைப் பராமரிப்பது ஆயுள் முழுவதும் தொடரும் வேலை. முதல் ஆண்டில் எத்தனை கிலோ குறைந்தது என்பதை விளம்பரம் சொல்லும். பத்தாவது ஆண்டில் என்ன ஆனது என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

நம் நாட்டு நிலவரம்

சுகாதார அமைச்சு நடத்திய 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோடு அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள். 2019இல் இது 50.1 விழுக்காடு. பதின்ம வயதினரிடம் 2022இல் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இந்நிலையில் இருந்தார். இனிப்புநீர் என்று நம்மவர் சொல்லும் நீரிழிவு நோய், மூன்று பெரிய இனங்களுள் இந்தியர்களிடமே அதிக விகிதத்தில் காணப்படுகிறது. ஆகவே இது வேறு யாருடைய கதையோ அன்று. உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் நடக்கும் கதைதான்.

பருமனை அளக்கப் பொதுவாகப் பயன்படுவது உடல் நிறை குறியீட்டெண். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.60 மீட்டர் உயரமும் 96 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு 96-ஐ 2.56-ஆல் வகுத்தால் 37.5 கிடைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 30-ஐயும் அதற்கு மேலும் உடல் பருமன் என்கிறது. ஆசியர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே நீரிழிவும் இதய நோயும் வரத் தொடங்குவதால் நம் நாட்டு மருத்துவ வழிகாட்டி 27.5-ஐ எல்லையாகக் கொண்டது.

இதே காரணத்தால்தான் அறுவைக்கான எல்லையும் மாறியது. 1991இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் வகுத்த விதி, குறியீட்டெண் 40-ஐ எட்டியவர்களுக்கும், 35-ஐ எட்டிப் பருமன் சார்ந்த நோய்களும் உள்ளவர்களுக்கும் மட்டும் அறுவையைப் பரிந்துரைத்தது. 2022இல் உலக அறுவை மருத்துவர் சங்கங்கள் வெளியிட்ட புதிய வழிகாட்டி, ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே அறுவையைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. யோசிக்கலாம் என்பதற்கும் செய்துகொள்ள வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை மறந்துவிடாதீர்கள்.

பட்டை எப்படி வேலை செய்கிறது?

இரப்பைப் பட்டை என்பது சிலிகோனால் ஆன ஒரு வளையம். இரப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இடுப்புவார் போல அதைப் பூட்டுவார்கள். வளையத்தின் உட்புறம் ஊதக்கூடிய பை போன்றது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்த ஒரு சிறு குமிழில் முடியும். மருத்துவர் தோலின் வழியே அந்தக் குமிழுக்குள் ஊசியைச் செலுத்தி உப்புக் கரைசலை ஏற்றினால் வளையம் இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும்.

வளையத்துக்கு மேலே சில மேசைக்கரண்டி அளவு இடம் மட்டுமே மிஞ்சும். கொஞ்சம் உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடும். வளையத்தின் மெல்லிய அழுத்தம், அங்குள்ள நரம்புகள் வழியாகப் "போதும்" என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஊதிச் சுருக்கக்கூடிய இந்தப் பட்டையை 1986இல் அமெரிக்காவில் உருவாக்கியவர் உக்ரேனிய வம்சாவளி அறுவை மருத்துவர் லுபோமிர் குஸ்மாக். எத்தியோப்பியாவில் பிறந்த மருத்துவர் மிடிக்கு பெலாச்சியூ, 1993இல் பெல்ஜியத்தில் வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே அதைப் பொருத்திக் காட்டினார். 2001இல் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அனுமதி அளித்தது. இரப்பையை வெட்ட வேண்டாம், குடலைத் திருப்பிவிட வேண்டாம், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்ற மூன்றும் சேர்ந்து பட்டையை உலகெங்கும் பரப்பின.

மற்ற இரண்டு அறுவைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றில் இரப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்து, எஞ்சியதைச் சட்டைக்கை போன்ற குழாயாக ஆக்குவார்கள். மற்றொன்றில் இரப்பையின் மேல்நுனியைச் சிறு பையாகப் பிரித்து, குடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். உணவு இரப்பையின் பெரும்பகுதியையும் குடலின் தொடக்கத்தையும் தொடாமல் மாற்றுப் பாதையில் போகும். இந்த இரண்டு அறுவைகளிலும் இரப்பையின் கொள்ளளவோடு பசியையும் சர்க்கரையையும் ஆளும் ஹார்மோன்களும் மாறுகின்றன. பட்டை அந்த ஹார்மோன்களை அவ்வளவாகத் தொடுவதில்லை.

உடல் ஏன் பழைய எடைக்குத் திரும்புகிறது?

"வாயைக் கட்டினால் தானாக இளைக்கும்" என்று அறிவுரை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் அறியாத ஒன்றை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பிரியா சுமித்ரன் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்டார்கள். 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. ஓர் ஆண்டு கழித்துச் சோதித்தபோதும், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் உயர்ந்தும், நிறைவைச் சொல்லும் லெப்டின் தாழ்ந்துமே இருந்தன. அதாவது, இளைத்த உடல் தன்னைப் பட்டினியில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, இழந்த கொழுப்பைத் திரும்பப் பெற ஓர் ஆண்டு கழித்தும் முயன்றுகொண்டிருந்தது.

ஆகவே எடையைக் குறைப்பதைவிடக் குறைந்த எடையைக் காப்பதே கடினம். இதை மன உறுதி இல்லாத குறை என்று பேசுவது அறிவியலுக்குப் பொருந்தாது. எந்தச் சிகிச்சையையும் நாம் நீண்ட காலக் கணக்கில்தான் எடைபோட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

இனி நம் ஊர் உணவுக்கு வருவோம். பட்டை கெட்டியான உணவைத் தடுக்கும், திரவத்தைத் தடுக்காது. கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக், ஐஸ் மைலோ, சிரப் பண்டோங், ஐஸ்கிரீம் எல்லாம் வளையத்தின் நடுவே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நன்றாக மெல்லாமல் விழுங்கிய ரொட்டியும், கட்டியாக ஒட்டிய சோறும், நார் நிறைந்த இறைச்சியும்தான் சிக்கிக்கொண்டு வாந்தி வரவைக்கும். சிக்கிக்கொள்ளும் பயத்தில் சத்தான உணவை விட்டுவிட்டு, எளிதாக இறங்கும் இனிப்புக்கு மாறிவிடுபவர்கள் உண்டு. மாமாக் கடையில் ஒரு நாளைக்கு மூன்று முறை தே தாரிக் குடிக்கும் பழக்கமுள்ளவருக்குப் பட்டை காவலாளி ஆகாது.

எண்களைப் படிக்கும் முறை

விளம்பரங்களில் "50 விழுக்காடு எடை குறையும்" என்று வரும். 120 கிலோ உள்ள ஒருவர் இதைப் படித்து, 60 கிலோவுக்கு இறங்கிவிடலாம் என்று கனவு காணக்கூடும். அது தவறு. அறுவை மருத்துவர்கள் கணக்கிடுவது "மிகை எடை"யின் விழுக்காட்டை. அவருடைய உயரத்துக்கு 70 கிலோ போதுமானது என்றால் மிகை எடை 50 கிலோ. அதில் 50 விழுக்காடு என்பது 25 கிலோ. அவர் 95 கிலோவில் நிற்பார். அதுவும் உடலுக்கு நன்மைதான். ஆனால் 60-க்கும் 95-க்கும் இடையே உள்ள வேறுபாட்டை முன்கூட்டியே தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு. பிறகு தெரிந்து மனமுடைவது வேறு.

அடுத்து, எப்போது அளந்தார்கள் என்று பாருங்கள். சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று, உடல் பருமன் உள்ள 4,047 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் 2,010 பேர் ஏதேனும் ஓர் அறுவையைச் செய்துகொண்டவர்கள். மற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள். பட்டை போட்டவர்களின் மொத்த எடை முதல் இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அது 14 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. மாற்றுப் பாதை அறுவையில் முதலில் 32 விழுக்காடும், பத்து ஆண்டுகளில் 25 விழுக்காடும் குறைந்தன. 100 கிலோ உள்ளவர் என்று வைத்துக்கொண்டால் பத்தாவது ஆண்டில் ஒருவர் 86 கிலோ, மற்றவர் 75 கிலோ.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அறுவை செய்துகொண்ட குழுவில் இறந்தவர்களின் எண்ணிக்கை மற்றக் குழுவைவிடக் குறைவு. நீரிழிவு இருந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு இரண்டாம் ஆண்டில் அது மறைந்திருந்தது. ஆனால் பத்தாம் ஆண்டில் 36 விழுக்காட்டினருக்குத்தான் மறைந்த நிலை நீடித்தது. அறுவை பயன் தருகிறது என்பதும், காலம் அந்தப் பயனைக் கரைக்கிறது என்பதும் இரண்டுமே உண்மை.

இரண்டு நகரங்கள், ஒரே வளையம்

பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் 1994 முதல் 1997 வரை 151 பேருக்குப் பட்டை போட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவர்களைத் தேடியபோது 82 பேர்தான் ஆய்வுக்குக் கிடைத்தார்கள். 2011இல் வெளியான முடிவுகளின்படி, ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பட்டையை எடுக்க வேண்டியதாயிற்று. 28 விழுக்காட்டினருக்கு வளையம் இரப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுந்திருந்தது. 60 விழுக்காட்டினர் மறுபடியும் அறுவைக்குப் போனார்கள். சராசரியாக மிகை எடையில் 43 விழுக்காடு குறைந்திருந்தது.

மெல்பர்னில் மருத்துவர் பால் ஓ'பிரையனின் குழு 2013இல் 3,227 பேரின் பதிவுகளை வெளியிட்டது. அங்கே பதினைந்து ஆண்டுகளில் மிகை எடையில் 47 விழுக்காடு குறைந்திருந்தது. வளையம் அரித்தது 3.4 விழுக்காட்டினருக்குத்தான். பட்டையை அடியோடு எடுத்தது 5.6 விழுக்காட்டினருக்குத்தான். ஆனால் அங்கும், வளையத்துக்கு மேலுள்ள பகுதி வீங்கியதற்காக 26 விழுக்காட்டினருக்கும், குழாய் அல்லது குமிழில் ஏற்பட்ட பழுதுக்காக 21 விழுக்காட்டினருக்கும் திருத்த அறுவை தேவைப்பட்டது.

எடை குறைந்த அளவு இரண்டு நகரங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டை நிலைத்திருந்ததா என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பிரசல்ஸ் நோயாளிகள் தொடக்க கால முறையில் பட்டை பெற்றவர்கள். பின்னர் பொருத்தும் நுட்பம் மேம்பட்டது என்பது ஒரு காரணம். பட்டைக்காகவே ஒரு மையத்தை அமைத்து, நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் அழைத்துப் பார்த்து, சிக்கல் வந்ததும் திருத்திய மெல்பர்ன் குழுவின் கவனிப்பு மற்றொரு காரணம் என்பது என் வாசிப்பு. அந்தக் குழுவின் ஆராய்ச்சிக்குப் பட்டை தயாரிப்பு நிறுவனத்தின் நிதியுதவியும் கிடைத்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நிதி வந்ததால் ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. யார் செலவில் நடந்தது என்று கேட்டுவிட்டு நம்புவது நல்ல பழக்கம்.

பிரசல்ஸ் ஆய்வில் கிடைக்காமல் போன 69 பேரையும் மறந்துவிடாதீர்கள். ஒரு டியூஷன் மையத்தில் 151 பேர் படித்து, 82 பேரின் எஸ்பிஎம் முடிவு மட்டுமே நமக்குத் தெரிகிறது என்றால், அந்த மையம் நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? காணாமல் போனவர்கள் நலமாக இருப்பதால் வரவில்லையா, ஏமாற்றத்தால் வரவில்லையா என்று நமக்குத் தெரியாது. நீண்ட கால ஆய்வு எதைப் படித்தாலும், தொடக்கத்தில் எத்தனை பேர், இறுதியில் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள்.

மருத்துவர்களின் தேர்வும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 2011இல் நடந்த எடைக்குறைப்பு அறுவைகளில் 35.4 விழுக்காடு பட்டை. 2018இல் அது 1.1 விழுக்காடாக விழுந்தது. அந்த ஆண்டில் இரப்பையைக் குழாயாக்கும் அறுவை 61.4 விழுக்காடு. பலர் செய்வதால் ஒன்று சரியாகிவிடாது. குழாயாக்கும் அறுவையும் பட்டையைவிடப் பிந்தி வந்தது. வெட்டி எடுத்த இரப்பையை மீண்டும் ஒட்ட முடியாது. ஆனால் ஒரு கருவியை மிக நன்றாக அறிந்தவர்களே அதைக் கைவிடும்போது, ஏன் என்று கேட்காமல் அதை வாங்கக்கூடாது.

பட்டையின் பக்கத்து நியாயம்

பட்டைக்காகப் பேசுபவர்களிடம் வலுவான வாதங்கள் உண்டு. முதலாவது, பாதுகாப்பு. அறுவையின்போதும் அதை ஒட்டிய நாள்களிலும் உயிரிழக்கும் ஆபத்து, மற்ற அறுவைகளைவிடப் பட்டையில் குறைவு. இரண்டாவது, நீரிழிவு. 2008இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அண்மையில் நீரிழிவு கண்டறியப்பட்ட 60 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு ஆண்டுகளில், பட்டை போட்ட குழுவில் 73 விழுக்காட்டினருக்கு நோய் மறைந்தது. வழக்கமான சிகிச்சைக் குழுவில் அது 13 விழுக்காடு. மூன்றாவது, கழற்றிவிடலாம் என்ற ஆறுதல்.

முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் எச்சரிக்க விரும்புகிறேன். வளையத்தைக் கழற்றலாம், அதற்கும் ஓர் அறுவை வேண்டும். கழற்றிய பிறகு பசி திரும்பும், எடையும் பெரும்பாலும் திரும்பும். வளையம் இருந்த இடத்தில் தழும்புத் திசு இருக்கும். அடுத்து வேறோர் அறுவை செய்யும் மருத்துவருக்கு அது இடைஞ்சல். வாடகை வீட்டைக் காலி செய்வதைப் போல எளிதாக நினைத்துவிட வேண்டாம்.

ஜொகூரில் வாழ்பவருக்கு என்ன பொருள்?

பட்டை போட்ட முதல் ஆண்டில் சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய் வளையத்தை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். அதிகம் இறுகினால் வாந்தி. அதிகம் தளர்ந்தால் பயனில்லை. அதன் பிறகும் வருகை நிற்காது.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவில் மாசாய்க்கோ ஸ்கூடாய்க்கோ திரும்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் சம்பளம். சிகாமட்டிலோ மெர்சிங்கிலோ வாழ்பவர் ஜொகூர் பாருவுக்கு வரவே இரண்டு மணி நேரம் ஆகும். பட்டையைச் சரிசெய்யத் தெரிந்த மருத்துவர் கோலாலம்பூரில்தான் இருக்கிறார் என்றால் முழு நாளும் போய்விடும். உலகெங்கும் பட்டை போடுவது குறைந்துவிட்டதால், அதில் கைப்பழக்கம் உள்ள மருத்துவர்களும் குறைந்துகொண்டே போவார்கள். இன்று போட்ட மருத்துவர் பத்து ஆண்டுகளில் ஓய்வு பெற்றுவிட்டால், வளையத்தை யார் பார்ப்பார்கள்?

செலவும் அப்படித்தான். மோட்டார் சைக்கிள் வாங்குபவர் விலையை மட்டும் பார்த்தால் போதாது. ஆண்டுதோறும் சர்வீஸ், டயர், சாலை வரி இருக்கிறது. பட்டைக்கு ஒரு கடன் வாங்கிவிடலாம். பதினைந்து ஆண்டுப் பராமரிப்புக்கும், வரக்கூடிய திருத்த அறுவைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். போதிய நேரமும் பணமும் அருகில் தேர்ந்த மருத்துவரும் உள்ள சிலருக்குப் பட்டை ஒத்துப்போகலாம். மற்றவர்கள், அறுவைதான் வழி என்று மருத்துவர் சொன்னால், வேறு வகை அறுவைகளையே முதலில் கேட்டறிவது நல்லது. அவற்றுக்கும் ஆயுள் முழுவதும் பரிசோதனை வேண்டும். மாற்றுப் பாதை அறுவைக்குப் பின் வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. ஆனால் அடிக்கடி இறுக்கித் தளர்த்த வேண்டிய கருவி ஒன்று உடலுக்குள் இருக்காது.

ஊசி மருந்துகளையும் சிலர் கேட்பீர்கள். செமாகுளூட்டைடு என்ற மருந்தை வாரம் ஒருமுறை போட்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்ததாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அங்கும் கேள்வி அதேதான்: தொடர முடியுமா?

உங்கள் வயதினருக்கு?

14 முதல் 18 வயது வரையிலான 50 பேரைக் கொண்டு மெல்பர்னில் ஓர் ஆய்வு நடந்து 2010இல் வெளியானது. பாதிப் பேருக்குப் பட்டை, பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சித் திட்டம். இரண்டு ஆண்டுகளில், பட்டைக் குழுவில் 84 விழுக்காட்டினர் மிகை எடையில் பாதிக்கு மேல் இழந்தார்கள். மற்றக் குழுவில் 12 விழுக்காட்டினர். பட்டைக் குழுவின் சராசரி இழப்பு 34.6 கிலோ, மற்றக் குழுவில் 3 கிலோ. வியக்கத்தக்க முடிவு. ஆனால் அதே இரண்டு ஆண்டுகளுக்குள் பட்டைக் குழுவில் ஏழு பேருக்கு மொத்தம் எட்டுத் திருத்த அறுவைகள் தேவைப்பட்டன.

பதினாறு வயதில் போட்ட வளையம் எழுபத்தாறு வயது வரை, அறுபது ஆண்டுகள் இருக்க வேண்டும். நம்மிடம் உள்ள நல்ல பதிவுகள் பதினைந்து ஆண்டுகளைச் சுற்றியே முடிகின்றன. மீதி நாற்பத்தைந்து ஆண்டுகளை யாரும் பார்த்ததில்லை. அமெரிக்காவில்கூடப் பட்டைக்கான அனுமதி 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே. ஆகவே உங்கள் வயதில் எடை உண்மையிலேயே நோயாக மாறியிருந்தால், பெற்றோருடன் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து நிபுணரைப் பாருங்கள். டிக் டாக் காணொளி பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

நண்பர்களிடமும் உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் பார்த்ததும் "என்ன, இப்படிப் பெருத்துவிட்டாய்?" என்று கேட்பதும், அறுவை செய்துகொண்டவரைக் "குறுக்கு வழியில் இளைத்தவர்" என்று சொல்வதும் நம்மிடையே சாதாரணம். கண்ணில் புரை வந்தால் அறுவை செய்கிறோம். அதைக் குறுக்கு வழி என்று யாரும் சொல்வதில்லை. ஏளனத்துக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமலே நீரிழிவை முற்றவிட்டவர்களும், ஏளனத்திலிருந்து தப்பிக்கவே அவசரமாக அறுவைக்குச் சம்மதித்தவர்களும் உண்டு. இரண்டுக்கும் நம் வாய்தான் காரணம்.

நாடும் தன் பங்கைச் செய்ய வேண்டும். 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டு, பின்னர் அது உயர்த்தப்பட்டது. ஆனால் கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை. "குறைந்த சீனி" என்று சொல்லி வாங்கும் பழக்கம் நம் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

உங்கள் வீட்டில் யாராவது பட்டை போடுவது பற்றிப் பேசினால், மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

1. நீங்கள் பட்டை போட்டவர்களில் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்தும் உங்களிடம் வருபவர்கள் எத்தனை பேர்?

2. அவர்களில் எத்தனை பேருக்கு மறுபடியும் அறுவை தேவைப்பட்டது? எத்தனை பேருக்குப் பட்டையை எடுத்தீர்கள்?

3. நீங்கள் சொல்லும் விழுக்காடு மொத்த எடையிலா, மிகை எடையிலா? என் எடை எத்தனை கிலோவில் நிற்கும்?

4. என் நோய்க்கு மற்ற அறுவைகளோ மருந்துகளோ ஏன் பொருந்தாது என்று நினைக்கிறீர்கள்?

5. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வருகை, பரிசோதனை, திருத்த அறுவை எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவாகும்? நீங்கள் இல்லாதபோது யாரிடம் போவது?

நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் கோபப்பட மாட்டார். அமைதியாகப் பதில் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். பதில் சொல்லாமல் "முன்பும் பின்பும்" படங்களை மட்டும் காட்டுபவரிடம் உங்கள் குடும்பத்தில் ஒருவரின் இரப்பையை ஒப்படைக்காதீர்கள்.